நீலக் கவசம் நீண்ட விடுப்பில் இருக்கிறார்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து மரணத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ராஜாக்கள் காயகல்பம் தின்று பார்த்தார்கள். முனிவர்கள் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் எலிகளை வைத்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எலிகள்தான் சாகின்றன. இவர்களால் ஆகாத அந்த மகத்தான காரியத்தை, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த டப்பிங் நிறுவனம் ஒன்று, ஒரு புதன்கிழமை காலையில், டீ வருவதற்கு முன்பாகவே செய்து முடித்தது. அதே கூட்டத்தில் துரோகமும் ஒழிக்கப்பட்டது. தோல்வியையும் கையோடு ஒழித்துவிடலாம் என்றுதான் இருந்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டதால் அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இந்தச் சாதனைக்கு எழுத்து வடிவம் கொடுத்த பெருமை நிறுவனத்தின் வசனகர்த்தாவைச் சேரும். அவரை அங்கே எல்லாரும் 'வசனம்' என்றே கூப்பிட்டார்கள். "வசனம் வந்தாச்சா?", "வசனத்துக்கு வயிறு சரியில்லையாம்" என்பார்கள். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதில்லை. தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கியவர். யாரையும் எதற்கும் எதிர்த்துப் பேசாதவருக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும்.

அவர் தொழில் லேசுப்பட்டதல்ல. அயல்நாட்டுப் படத்தில் ஒருவன் வாயைத் திறக்கிற இடத்தில் தமிழும் வாயைத் திறக்க வேண்டும். மூடுகிற இடத்தில் மூட வேண்டும். திரையில் உதடு ஒட்டும்போது இங்கே ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து விழ வேண்டும். 'அம்மா' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஐயோ' என்று எழுதினால், படத்தில் உதடு ஒட்டும், சத்தத்தில் ஒட்டாது. பார்க்கிறவனுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் எதையோ பார்த்து ஏமாந்த மாதிரி இருக்கும். வசனம் எழுதினால் அப்படி இருக்காது. அவர் எழுதியது கச்சிதமாகப் போய் உட்காரும் என்று போட்டிக் கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள்.

அப்போது அவர் கையில் இருந்தது ஓர் அயல்நாட்டு அனிமே கார்ட்டூன் தொடர். பத்து மாடி உயரத்துக்கு இரும்பு ரோபோக்கள். ஒவ்வொரு ரோபோவின் நெஞ்சுக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்து அதை ஓட்டுவான். சந்திரனில் குடியிருப்பவர்களுக்கும் பூமியில் குடியிருப்பவர்களுக்கும் சண்டை. எதற்குச் சண்டை என்பது தொடரின் பாதியிலேயே எல்லாருக்கும் மறந்துவிட்டது, சண்டை போடுகிறவர்களையும் சேர்த்துத்தான். இந்தச் சண்டையில் மிகப் பெரிய வீரன் 'நீலக் கவசம்'. முதலில் சந்திரப் படையில் இருந்தான். பிறகு மனசாட்சி உறுத்தி பூமிப் படைக்குத் தாவினான். அங்கே மனசாட்சி வேறு விதமாக உறுத்தவே திரும்பி வந்தான். திரும்பிய இடத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்று மறுபடியும் தாவினான். படம் வாராவாரம் ஒவ்வொரு பகுதியாகத்தான் வந்து சேரும். அடுத்து என்ன என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குக் குரல் கொடுத்தவர் படியேறி வந்ததும் "அண்ணே, இந்த வாரம் நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயை நீட்டுவார்கள்.

அந்த அண்ணனுக்குக் 'கர்ஜனை' என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ரகம். மைக்குக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் கண்ணாடி அதிரும். தொழிலில் அவருக்கென்று ஒரு தனித்துவம் இருந்தது. கதாநாயகனுக்கு யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் சாக வேண்டுமென்றால் கர்ஜனையைக் கூப்பிடு என்பார்கள். மற்ற கம்பெனிகளிலிருந்தும் சாவுக்கு மட்டும் ஆள் விட்டு அழைப்பார்கள். கத்திக்குத்துக்கு ஒரு விதமாகச் சாவார், விஷத்துக்கு வேறு விதமாகச் சாவார். நீரில் மூழ்கிச் சாகத் தொண்டையில் ஒரு வாய்த் தண்ணீரை நிறுத்திக்கொண்டு பேசுவார். மலையுச்சியிலிருந்து விழுகிறவனுக்கு, மைக் முன்னால் தொடங்கி, அலறிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, கதவைத் தாண்டிப் படிக்கட்டில் போய் முடிப்பார். அதற்குக் கதவைத் திறந்துவிட ஒருவர், படியேறி வருகிறவர்களை மறித்து நிறுத்த இன்னொருவர் வேண்டும். இப்படிச் செத்துச் செத்துத்தான் அவர் குடும்பத்தைப் பிழைக்க வைத்திருந்தார்.

வசனத்தை அந்த நிறுவனத்துக்குள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். வேலை இல்லாமல் வெளியே நின்றுகொண்டிருந்தவரை நேராக முதலாளி அறைக்கு இழுத்துக்கொண்டு போய், "இவருக்கு எழுத வரும் சார்" என்றார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவே கூச்சப்படுகிற மனிதர் அன்றைக்கு எப்படிப் பேசினாரோ தெரியாது. அந்த நன்றியை வசனம் ஒரு நாளும் மறந்ததில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இப்படி எல்லாரும் ஒழுங்காகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், முதலாளி ஒரு மலைவிடுதியில் நடந்த முகாமுக்குப் போனார். போகும்போது தனியாகப் போனவர், வரும்போது ஒரு 'நேர்மறை ஆலோசகர்' சகிதமாக வந்தார். வெள்ளை ஷூ, வெள்ளைச் சட்டை, பத்து விரல் நுனிகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்த கைகள். எதைச் சொன்னாலும் "அழகு" என்பார். டீ ஆறிவிட்டது என்றால் அழகு. மின்சாரம் போய்விட்டது என்றால் அதுவும் அழகு. சொல்தான் சூழலை உண்டாக்குகிறது, சூழல்தான் வியாபாரத்தை உண்டாக்குகிறது, ஆகவே இவ்வளவு பேர் சாகிற இடத்தில் வியாபாரம் எப்படிப் பிழைக்கும் என்று அவர் கேட்டார். முதலாளிக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதன் விளைவுதான் முன்சொன்ன புதன்கிழமை. இனி ஒலிப்பதிவுக் கூடத்தில் 'செத்தான்', 'பிணம்', 'துரோகி' முதலான சொற்கள் உச்சரிக்கப்பட மாட்டா என்றும், தொடரில் கட்சி மாறுவோர் 'அயற்பணி'யில் செல்வதாகவும், இறப்போர் 'நீண்ட விடுப்பில்' செல்வதாகவும் கொள்ளப்பட வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தின் வாசகம் வசனத்தினுடையது. படித்துக் காட்டியதும் ஆலோசகர் இரண்டு முறை "அழகு" என்றார்.

முதல் சோதனை அந்த வாரமே வந்தது. நீலக் கவசம் மறுபடியும் பூமிப் படைக்குத் தாவுகிறான். பூமிப் படைத் தளபதி அவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அசல் மொழியில் ஏதோ குலம் கோத்திரத்தையெல்லாம் இழுத்துத் திட்டுகிறார். வசனத்தின் தமிழில் அவர், "அயற்பணிக்கு வருக. உங்கள் பணிமூப்பு பாதுகாக்கப்படும்" என்றார். சந்திரப் படைத் தளபதி மேஜையை ஓங்கிக் குத்தி, கண்ணில் நீர் முட்ட, "உங்கள் நாற்காலியை வேறு யாருக்கும் தரமாட்டேன்" என்றார். எல்லாம் உதட்டில் அச்சு அசலாக உட்கார்ந்தது. ரெக்கார்டிங் பார்க்கிற பெண் கன்சோலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஆலோசகர் திரும்பிப் பார்த்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

முதலில் எல்லாரும்தான் சிரித்தார்கள். டீ குடிக்கிற இடத்தில் ஆலோசகர் மாதிரி விரலை ஒட்டவைத்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணக்குப் பிள்ளை அதில் முன்னணியில் இருந்தார். ஆனால் சம்பள உயர்வைப் பற்றிய பேச்சு ஆலோசகர் வழியாகத்தான் முதலாளி காதுக்குப் போகும் என்று தெரிந்த அன்றைக்குக் கணக்குப் பிள்ளை வாயிலிருந்து முதல் "அழகு" வந்தது. அடுத்து ரெக்கார்டிங் பெண். பிறகு டீ கொண்டுவருகிறவர். இதைப் போய் யாரும் கட்சி மாறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாரும் அவரவர் நாற்காலியில்தான் இருந்தார்கள், நாற்காலிதான் கொஞ்சம் திரும்பியிருந்தது.

வீட்டில் வசனத்துக்கு ஒரு ரசிகை இருந்தார், அவருடைய மாமியார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடர் ஓடும்போது வீட்டில் குழாய்கூடத் திறக்கக் கூடாது. மாமியாருக்கு ரோபோ பிடிக்காது. தகர டப்பாவை உருட்டிவிட்ட மாதிரி சத்தம் போடுகிறது என்பார். ஆனால் நீலக் கவசத்தின் மேல் உயிர். "பாவம், அவனுக்கு எங்க போனாலும் ஒட்டல மாப்பிள்ளை" என்று பெருமூச்சு விடுவார். அயற்பணி என்பதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவன் தாவிவிட்டான், தாவியது அவனுக்கே பிடிக்கவில்லை, அது குரலிலேயே தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

பிறகு அந்தப் பகுதி வந்தது. வசனமும் கர்ஜனையும் ரெக்கார்டிங் பெண்ணும் உட்கார்ந்து பார்த்தார்கள். முன்னறிவிப்பும் கிடையாது, சோக இசையும் கிடையாது. சண்டை ஓய்ந்த நேரம். நீலக் கவசம் ரோபோவின் நெஞ்சுக்குள் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்து ரோபோவில் இருக்கும் பெண்ணிடம், தன் வண்டியின் இடது பக்க விளக்கு எரிகிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல் என்று கேட்கிறான். கேள்வி பாதியில் இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான். அவனும் இல்லை, ரோபோவும் இல்லை. விளக்கு எரிந்ததா இல்லையா என்பதும் தெரியவில்லை.

ரெக்கார்டிங் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வசனம் அந்தக் கடைசிக் கேள்வியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். இவ்வளவு நாள் அவனுக்காக எழுதியவர் அல்லவா? கர்ஜனை முகத்தில் மட்டும் மெல்லச் சிரிப்பு வந்தது.

"இத்தனை வருஷமா கத்திக் கத்தி செத்திருக்கேன் தம்பி" என்றார். "பாதி வார்த்தையில ஒரு தடவகூட செத்ததில்ல. நிஜத்துல இப்படித்தான வருது அது?"

அன்று முதல் அவருக்குத் தூக்கமில்லை. பாதி வார்த்தையில் நிறுத்துவது எப்படி என்று நடக்கும்போதும் நிற்கும்போதும் பயிற்சி எடுத்தார். வீட்டில் சாப்பிடும்போது "உப்பு கொஞ்..." என்று நிறுத்திப் பார்த்ததில், அவர் மனைவி பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டார். 'எரியுதா' என்ற சொல்லில் எந்த இடத்தில் சாவது என்று வசனமும் அவரும் ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினார்கள். 'எரியு' என்று நிறுத்தினால் உதடு குவிந்து நிற்கிறது. 'எரி' என்று நிறுத்தினால் வாய் திறந்தபடி, இன்னும் ஏதோ வரப்போகிற மாதிரி இருக்கிறது. 'எரி' என்றே முடிவாயிற்று. வசனத்துக்கு அதைவிட நல்ல மத்தியானம் அந்த நிறுவனத்தில் வாய்த்ததில்லை.

ஒத்திகையை வந்து கேட்ட ஆலோசகர், வாக்கியம் முடியவில்லையே என்று கவலைப்பட்டார்.

"ஆள் முடிஞ்சிட்டான் சார்" என்றார் கர்ஜனை.

"அழகு. ஆனா நம்ம கம்பெனியில யாரும் முடியறதில்ல."

திருத்திய வாசகத்தை ஆலோசகரே சொல்லி, வசனம் உட்கார்ந்து எழுதினார். அதன்படி நீலக் கவசம், "இடது பக்க விளக்கு எரியுதா? நல்லது. நான் நீண்ட விடுப்பில் செல்கிறேன். அனைவரும் நலமாக இருங்கள்" என்று சொல்ல வேண்டும். அவன் வெடித்துச் சிதறியதைப் பார்த்துப் பக்கத்து ரோபோப் பெண் தலையில் அடித்துக்கொண்டு கதறுகிற இடத்தில், "மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்" என்று வர வேண்டும். இந்தத் தொடரோடு நிற்காமல் இனி வருகிற எல்லாப் படங்களுக்கும் இதுவே நடைமுறை என்றும், மற்ற கம்பெனிகளும் ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் ஆலோசகர் சொல்லிவிட்டுப் போனார்.

கர்ஜனை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்கேயும் யாரும் சாகப் போவதில்லை என்றால் தன் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே வசனத்துக்குப் புரிந்தது. ஒரே ஒரு தடவையாவது ஒழுங்காகச் சாக விடச் சொல்லி கூட்டத்தில் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தனக்குப் பேச வராது, வசனமும் கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதியவர் சொன்னால் முதலாளி கேட்பார் என்றார்.

வசனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை என்ன அண்ணே, என் வேலையே போனாலும் பேசறேன்" என்றார். அதைச் சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இந்த விஷயத்தில் யாரும் அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'உள்ளடக்கத் தலைவர்' என்று ஒரு பதவி உருவாக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குத் தனி அறை உண்டு. ஜன்னல் உண்டு. வசனம் அதுவரை கழிப்பறைக் கதவுக்கும் பழைய கேபிள் மூட்டைக்கும் இடையில் உட்கார்ந்துதான் உலகத்துக் காதல் வசனங்களையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி வேறு எதையும் சொல்லவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துப்போவார்கள் என்று நம்புவதாக மட்டும் சொல்லி, ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டார். வசனம் பச்சை என்றார்.

கூட்டத்தில் பெரியவர் சின்னவர் பேதம் கூடாது என்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதலாளியின் நாற்காலிக்கு மட்டும் கைப்பிடியும் சக்கரமும் இருந்தன. கர்ஜனை எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம், இங்கே எல்லாரும் சமம் என்று ஆலோசகர் சொன்னதும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச்சு மறந்துபோய் மறுபடியும் எழுந்தார்.

"சார், அந்த ஒரு சாவை மட்டும் எனக்குக் குடுத்துருங்க" என்றார். "அந்தப் பையன் பாவம் சார். எங்க போனாலும் அவனை ஒருத்தரும் நம்பல. கடைசியில ஒரு விளக்கு எரியுதான்னு கேட்டான், அதையும் கேட்டு முடிக்கல. அவன் வாயில போய் லீவ் லெட்டரைத் திணிக்க வேண்டாம் சார்."

இதை ஆதரிக்கிறவர்கள் தங்கள் உணர்வைப் பகிரலாம் என்று ஆலோசகர் கைகளை விரித்தார். கணக்குப் பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார். அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போன ரெக்கார்டிங் பெண், நீண்ட விடுப்பு என்பதில் ஒரு நிம்மதி இருப்பதாகத் தனக்குத் தோன்றுகிறது என்றாள். கர்ஜனை அவளைப் பார்க்கவில்லை. வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசனம் பேசத்தான் வந்திருந்தார். வீட்டிலிருந்து புறப்படும்போதே நாலு வாக்கியம் தயார் செய்திருந்தார், நாலும் நல்ல வாக்கியங்கள். முதலாளி, "வசனம், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டபோது இவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். 'அனைவரும் ஒருமனதாக ஆதரித்தனர்' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று. இதைத் துரோகம் என்று சொல்ல வழியில்லை. அந்தச் சொல்தான் அங்கே புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதே.

கர்ஜனை நேராக மைக்குக்குப் போனார். படம் ஓடியது. "இடது பக்க விளக்கு எரி..." என்றார். நிறுத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார் வசனம். இவ்வளவு நல்ல சாவை அவர் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. ஆலோசகர் பொத்தானை அழுத்தி, மிச்சத்தையும் சொல்லச் சொன்னார். படம் மறுபடியும் ஓடியது. கர்ஜனை மறுபடியும் அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தினார். எத்தனை தடவை ஓட்டினாலும் அங்கேயே நின்றார். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மிச்ச வாக்கியத்தை ஆலோசகரே பேசிக் கொடுத்தார். ஆக, நீலக் கவசம் ஒரு வாயில் இரண்டு பேராக விடுப்பில் போனான்.

மறுநாள் ஊழியர்களின் போனுக்கெல்லாம் ஓர் அறிவிப்பு போயிற்று. 'நமது நிறுவனத்தின் மூத்த குரல் கலைஞர் நீண்ட விடுப்பில் செல்கிறார். அவர் நலமாக இருக்க வாழ்த்துகிறோம்' என்று இருந்தது. உள்ளடக்கத் தலைவர் பதவியேற்று எழுதிய முதல் உள்ளடக்கம் அது. கீழே பத்துப் பதினைந்து கைகூப்பல்களும் ஏகப்பட்ட 'அழகு'களும் குவிந்தன. ரெக்கார்டிங் பெண் மட்டும் எதுவும் போடவில்லை. அன்றைக்கு அவளுக்குப் போனில் சார்ஜ் இல்லையாம். பச்சைத் திரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதி ஒளிபரப்பாயிற்று. மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்தது. கத்தியைக் கீழே வைத்தார். ரோபோப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, "மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்" என்று அலறினாள். மாமியார் டி.வி.யை அணைத்துவிட்டு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்துட்டானா?"

"நீண்ட விடுப்பு அத்தை."

"நடுவுல குரல் மாறிப்போச்சு. விளக்கு எரியுதான்னு கேட்டதோட அவன் போயிட்டான். அதுக்கப்புறம் பேசினது வேற எவனோ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்க மாமனார் போனப்ப, அந்த டாக்டர் பையன் வெளிய வந்து, 'போயிட்டாரும்மா'ன்னு நேரா என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னான். அவனுக்கும் கண்ணு கலங்கித்தான் இருந்தது. இன்னிக்கும் அந்தப் பையனை நான் நல்லா இருக்கணும்னு நினைச்சுக்குவேன். செத்தவனச் செத்துட்டான்னு சொன்னா நான் அழுதுட்டு எந்திரிச்சு வேலையப் பார்ப்பேன் மாப்பிள்ளை. இப்ப என்னால அழவும் முடியல, எந்திரிக்கவும் முடியல."

வெங்காயம் பாதி உரித்தபடியே கிடந்தது. வசனம் அதை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஏதாவது செய்துகொண்டிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

அடுத்த நாள் வசனம் கர்ஜனையின் வீட்டுக்குப் போனார். மாடிப்படியில் ஏறும்போதே என்னென்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி அடித்து எழுதி அடித்து, கதவைத் தட்டுவதற்குள் நல்லதாக ஒரு வசனம் தேறியது. பேசத்தான் இருந்தேன், சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன், சூழல் சரியில்லை, கொஞ்ச நாளில் நானே முதலாளியிடம் சொல்லிச் சரிசெய்துவிடுகிறேன் என்று போகும் அது.

கர்ஜனை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கையில் இருந்த ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "வாங்க தம்பி" என்று வழக்கம்போலச் சிரித்தார். உட்கார ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறிவிப்பைப் பற்றி அவரே பேச்செடுத்தார். நன்றாக எழுதியிருந்தது என்றார். ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார்.

கர்ஜனையின் மனைவி டீயோடு வந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் சரிபாதியாக இருந்தன. இத்தனை வருஷத்தில் இவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்ததில்லை, இப்போதாவது கொடுத்தார்களே என்று சொன்னார். மற்ற கம்பெனிகளிலிருந்தும் இந்த வாரம் யாரும் கூப்பிடவில்லை, அங்கேயும் லீவு போலிருக்கிறது என்றார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"லீவு முடிஞ்சு எப்பத்திலேருந்து வரச் சொல்றாங்க தம்பி? இவரைக் கேட்டா சிரிக்கிறாரு. நீங்கதான இப்ப அங்க பெரிய பதவியில இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

வசனம் டீயை வாயில் வைத்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது. டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

கர்ஜனை வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார்.

"அவரை ஏன் தொந்தரவு பண்ற?" என்றார் மனைவியிடம், கோபமே இல்லாத சின்னக் குரலில். "அவர் உதடு அசையாது. அசையாத உதட்டுக்கு என்ன வசனம் வேணும்னாலும் பொருந்தும். உனக்குப் பிடிச்ச தேதியா பார்த்து நீயே ஒண்ணு போட்டுக்க."